படத்தைப் பிடித்த விரல்

டொக்குத்தரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தும், பல் நறநறக்கும் சத்தம் கமலாவதிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. காதுக்குக் கீழே, தாடை எலும்புக்குள், யாரோ மணலை மெல்வதுபோல. கணவன் நமசிவாயம் அவளை அடித்த மறுநாள் தொடங்கிய சத்தம் அது. வீக்கம் ஒரு கண்ணை மூடிய பிறகுதான் அவன் இணுவிலிலிருந்து வண்டி பிடித்து, பட்டணத்துப் பல் டொக்குத்தரிடம் அவளைக் கூட்டி வந்தான்.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவள், ஐயா."

டொக்குத்தர் அடைக்கலநாதன் வீக்கத்தைப் பார்த்தார். அவனுடைய கையையும் பார்த்தார். பிறகு யன்னல்களைச் சாத்தினார். மத்தியான வெயில் வெளியே நின்றுவிட, கராம்பெண்ணெய் மணமும் மருந்து நெடியும் அறையை நிறைத்தன. எக்ஸ்றே மெஷினின் கறுத்த கூம்பு அவள் கன்னத்தை நோக்கி மெல்ல இறங்கியது.

"பயப்பிடாதை பிள்ளை. இந்தப் படத்துண்டை வாய்க்குள்ளை வைப்பன். மெஷின் கொஞ்சம் இரையும். நோகாது. ஆடாமல் இருந்தால் போதும்."

துண்டின் ஓரம் ஈறை அறுத்தது. மெஷின் இரைந்தது. இடி விழுந்த மரத்தின் வாடை எழுந்தது. நறநறப்பு சட்டென்று நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல நின்றது.

டொக்குத்தர் இருட்டறைக்குள் போய், நீர் சொட்டும் படத்தோடு திரும்பினார். விளக்கில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஆடிப்போட்டாய், பிள்ளை."

"இல்லை ஐயா."

"பல்லுக்குக் கீழை இன்னொரு வரிசை தெரியுது. ஆடினால்தான் அப்பிடி இரட்டையாய் விழும். திருப்பி எடுப்பம். தம்பி, நீர் வந்து படத்தை விரலாலை அமத்திப் பிடியும்."

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "வேண்டாம் ஐயா. உவர் கை வைக்க வேண்டாம்."

நமசிவாயம் குனிந்து, வீங்கிய கன்னத்தைப் பெருவிரலால் அழுத்தினான். காதோடு மெதுவாகச் சொன்னான்.

"வாயைத் திற. மிச்சத்தை வீட்டை போய்க் கதைக்கிறன்."

திறந்தாள். புகையிலைக் கைப்போடு விரல் உள்ளே வந்தது. மெஷின் மறுபடி இரைந்தது. விரலுக்கு அடியில் ஈறு புடைத்தது. வெடித்தது. வலிக்கவில்லை. எலும்பு நெரியும் ஓசை மட்டும்.

அவன் அலறினான்.

வெதுவெதுப்பான இரத்தம் அவள் தொண்டைக்குள் இறங்கியது. அவன் மற்றக் கையால் அவள் முகத்தில் குத்தினான். மறுபடி குத்தினான். டொக்குத்தர் ஓடி வந்து அவள் தாடையைப் பற்றினார்.

"கடியாதை பிள்ளை. வாயைத் திற. விடு."

அவளுடைய வாய் திறந்துதான் இருந்தது. கிழியும் அளவுக்குத் திறந்திருந்தது.

டொக்குத்தர் விளக்கை இழுத்துப் பிடித்தார். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் அவனைத் தொடவே இல்லை; வெடித்த ஈறுக்குள் இருந்த மற்ற வரிசைதான் விரலை மென்றுகொண்டிருந்தது. அவர் கை அவள் தாடையிலிருந்து நழுவியது. சுவரில் முட்டும்வரை பின்னுக்குப் போனார்.

விரல் முழுதும் உள்ளே போயிற்று. பிறகு கணுக்கள். பிறகு உள்ளங்கை.

மணிக்கட்டு வந்தபோது, அவளுடைய நாக்கு தானாக ஒதுங்கி இடம் விட்டது.