அவிழ்க்காத முடிச்சு

தம்புராவின் சுருதி இறங்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் மரம் ஊறும், தந்தியை முறுக்கும் பிருடை நெகிழும், தந்தி தளரும். ஒரு வாரம் தொடாமல் வைத்தாலே நாராசமாகக் கேட்கும். இதை ஏழு மாதமாக யாரும் தொடவில்லை. பங்குனியில் நைனா இறந்த அன்று வேட்டியால் மூடிச் சுவரோரம் சாய்த்தது. கொரட்டூர் ஏரி நிரம்பி வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்த அந்தச் சாயங்காலம், தூசி தட்டப் போன சாமுண்டீஸ்வரியின் விரல் தவறிப் பட்டது. நாலு தந்தியும் நைனா பாடும் ஒரு கட்டைச் சுருதியில் அப்படியே நின்றன.

"இன்னாடி சத்தம் அங்க?" உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மா கெங்கம்மாள் கேட்டாள். மூன்று நாளாகக் காய்ச்சல்.

"ஒண்ணுமில்லமா. துணி மாட்டிக்கிச்சு."

"வருசம் திரும்பாம பாட்டுகீட்டுன்னு ஆரம்பிக்காத. ஊர் வாய்ல உழ முடியாது." கொஞ்சம் பொறுத்து, "நைனாவுக்கும் பொண்ணுக்கும் சோறே வாணாம், அது ஒண்ணு போதும்" என்றாள். சிரிக்கப் போய் இருமல் வந்தது.

நைனாவின் முகம் படத்தில் இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. மாதத்துக்கு மாதம் அது தன் காதிலிருந்து தேய்ந்து போவதுதான் சாமுண்டிக்குப் பயம். இப்போது தந்தி அதிர்ந்ததும், பாடத் தொடங்குமுன் அவர் தொண்டையைக் கனைப்பது கேட்டது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் மீட்டினால் குரலும் வரும்.

தந்திகளுக்கு அடியில் சிவப்புப் பட்டு நூல் நாலு துண்டு. அந்த நூல்தான் தம்புராவை ரீங்கரிக்க வைப்பது. பங்குனியில், பிணத்தின் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டக் கயிறு அகப்படாமல், நைனாவின் பெட்டியிலிருந்து அதே நூலை எடுத்து அவள்தான் முடிந்தாள். தீ வைக்குமுன் அதை அவிழ்க்க வேண்டும்; இல்லாவிட்டால் போன உயிர் கட்டுப்பட்டுக் கிடக்கும் என்பார்கள். கொள்ளி வைத்த சம்பத் மாமா மூன்று நாள் முன்பு வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஜப்பான்காரன் குண்டு போடுவான், இருட்டறதுக்குள்ள நெருப்பு அடங்கணும்னு வெளக்கணைக்கச் சொல்ற வார்டன் நின்னுகினு கீறான். அவசரத்துல கால் கட்ட அவுக்காமயே வெச்சிட்டேன்மா."

அம்மாவுக்கு அன்றைக்கு வந்ததுதான் காய்ச்சல்.

விளக்கு வைக்கும் நேரம். குண்டுக்குப் பயந்து ஊரெல்லாம் இருட்டாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு இன்னும் இருந்ததால், சிமினியைக் கறுப்புக் காகிதத்தால் மூடியிருந்தாள். வெளிச்சம் தாம்பாளத்தளவு வட்டமாகத் தரையில் மட்டும் விழுந்தது. அம்மாவின் மூச்சு சீராகக் கேட்டது. தூங்குகிறாள். சாமுண்டி தம்புராவை மடியில் கிடத்தி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மெல்ல மீட்டினாள்.

கனைப்பு கேட்டது. இந்தத் தடவை காதுக்குள் அல்ல. கொல்லையில்.

தவளையாக இருக்கும். ஈர மண்ணும் கருகிய நெய்யும் கலந்த வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. மறுபடி மீட்டினாள். நாலாவது தந்திக்கு,

தொப்.

சேற்றில் ஏதோ விழுந்தது. அடுத்த சுற்றின் நாலாவது தந்திக்கு மறுபடி. தொப். இன்னும் பக்கத்தில்.

நடை இல்லை. நடையென்றால் ஒரு கால், பிறகு ஒரு கால். இது இரண்டும் சேர்ந்து.

விரலை எடுத்தாள். மழை மட்டும் கேட்டது. மூச்சு விட்டாள்.

தம்புரா தானே ஒலித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

தொப். கதவுக்குள்.

நெய் வாசனை நெஞ்சை அடைத்தது. தந்திகளை உள்ளங்கையால் அழுத்தினாள். கைக்கு அடியிலும் அதிர்ந்தன. ஒன்று. இரண்டு. மூன்று.

தொப்.

வெளிச்ச வட்டத்தில் இரண்டு பாதங்கள் நின்றன. கரியாக. நடுவில் சிவப்புப் பட்டு நூல் மட்டும் கருகவில்லை. அவள் போட்ட முடிச்சு.

"கெங்கா."

நைனாவின் குரல். ஏழு மாதம் ஏங்கிய குரல். அவளைக் கூப்பிடவில்லை.

கட்டை விரல்கள் உள்ளறையைப் பார்த்திருந்தன.

அம்மாவின் மூச்சு கேட்கவில்லை. எப்போதிலிருந்து?

"தோ வந்துட்டேன்."

காய்ச்சலே இல்லாத, தெளிந்த குரல். கட்டில் கிரீச்சிட்டது. அம்மா இறங்கினாள்.

அவளுக்கும் இரண்டு பாதம். ஒரே சத்தம்.