சொன்னது, சேர்ந்தது

காலை ஒன்பதரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் மூன்று பேர் நின்றார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். நான் சொன்னது அவனுக்குக் கேட்டதா, இல்லையா? பதினோரு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சலித்துவிட்டது என்று சொன்னால் சலிப்புக்கே கோபம் வரும்.

முதலில் நின்றவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். மகனைத் திட்டினாராம். மகன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினானாம். அவருடைய கட்டைவிரல் ரேகையை வாங்கிப் பதிவை எடுத்துக் காட்டினேன். திரையில் எப்போதும் போல இரண்டு பத்திகள்.

சொன்னது: சோத்துக்குத் தண்டம், வீட்ட விட்டு வெளியே போடா.

சேர்ந்தது: சாப்பிட்டுட்டு, அப்படியே வெளியே போய்ட்டு வாப்பா.

"அதான் பய வாக்கிங் போயிட்டு வந்து, தேங்க்ஸ்ப்பான்னான்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இன்சொல்மணி வந்து ஐம்பது வருடம் ஆகிறது. சனங்கள் அதை ஃபில்டர் என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் மணி என்பார்கள். காது மடலில் ஒரு மிளகளவு. குடும்பப் பதிவேட்டில் உள்ள உறவினர் பேசினால் மட்டும் அது விழித்துக்கொள்ளும். சுடுசொல்லைப் பிடித்து ஆறவைத்து, அவர்கள் குரலையும் மென்மையாக்கி உள்ளே அனுப்பும். எழுதி அனுப்பினாலும் இதே கதிதான். வெளியாள் பேச்சைத் தொடாது. குடும்ப நீதிமன்றங்களில் பாதியை மூடிவிட்டார்கள். எந்த வீட்டிலும் சண்டை இல்லை என்று அரசு ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. சண்டை இல்லைதான். வாயால் சுட்டால்தானே ஆறாத வடு, காதிலேயே ஆற்றிவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

மணியைப் பொருத்துவது காதுகுத்து அன்று. பழைய வழக்கம்தான், ஊசி மட்டும் புதுசு. ஏழெட்டு வயதில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஒரு காதில் தோடு, மறு காதில் தோட்டோடு மணி. அதற்கு முன்னால் குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறாது. காது குத்தாத குழந்தையின் பேச்சை யாருடைய மணியும் தொடாது, பதிந்து மட்டும் வைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். மழலையை மாற்றக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் ஆசைப்பட்டார்களாம்.

அன்று மதியம் தங்கை யாழிசை அழைத்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் மகள் துகிருக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து.

"நமக்குத்தான் கூடப் பொறந்தவன் இல்லையேக்கா. அதனால நிதின் மாமா மடியிலயே வச்சிடலாம்னு அம்மா சொல்றாங்க. உனக்கும் எனக்கும் அவர்தானே உக்காந்தாரு. ராசியான மடி."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். நிதின் மாமா அம்மாவின் தம்பி. இப்போது அறுபத்திரண்டு. எனக்கு ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை, அப்பா செத்த பிறகு, எங்கள் வீட்டில்தான் இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குச் செய்ததை நான் முப்பத்திரண்டு வருடமாக யாரிடமும் முழு வாக்கியமாகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"யாழிசை, அவர் மடியில அவளை உக்கார வைக்காதே. சின்னப் பிள்ளையில என்னைத் தப்பாத் தொட்டவர் அவர். அந்த மடி எனக்குத் தெரியும்."

தங்கை அன்போடு சொன்னாள்: "கரெக்ட்க்கா. நானும் யோசிச்சேன். அவருக்கு முட்டிவலி, பிள்ளை கனம் தாங்காது. மடிக்கு அடியில ஒரு தலையணை வச்சிடுவோம்."

தலையணை. நான் போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். இந்த இயந்திரத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு காவல் இருப்பவளே நான்தான். யாரை நோவது?

சாயங்காலம் பதிவு கேட்டு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு என் கட்டைவிரலை நானே வைத்தேன். மூலப் பதிவுகள் முப்பத்தைந்து வருடம் இருக்கும். சொன்னவர் மட்டுமே எடுக்கலாம், உறவினருக்குக் காட்டினால் குற்றம், காவல் துறைக்குக் கொடுக்கலாம். பதினோரு வருடத்தில் நான் என் பதிவை ஒருமுறைகூட எடுத்ததில்லை. ஏன் என்று கேட்டால், எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எட்டு வயதில் நான் அம்மாவிடம் சொன்னேன். என் காது எரிந்துகொண்டிருந்தது, அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், இது நினைவிருக்கிறது. காது எரிந்தால் மணி போட்டாகிவிட்டது. மணி போட்டிருந்தால் அம்மாவின் காதில் வேறு எதுவோதான் விழுந்திருக்கும். பாவம், அவளுக்குக் கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டுதான் முப்பத்திரண்டு வருடம் அவளுக்குத் தீபாவளிப் புடவை எடுத்தேன்.

பதிவு வந்தது. காதுகுத்து நாள். காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்.

சொன்னது: அம்மா, நான் மாமா மடியில உக்கார மாட்டேன். மாமா கதவைச் சாத்திட்டு என்னைக் கெட்டதாத் தொடுறாரு.

சேர்ந்தது: மாற்றம் இல்லை. காது குத்தாத குழந்தை.

மணி பொருத்திய நேரம் ஏழு நாற்பது. காது எரிந்தது தலையை இழுத்துப் பின்னியதால்தான். அம்மா அன்று பின்னலை அப்படி இறுக்கினாள். "இன்னிக்கு ஒரு நாள் அழாம இரு" என்று சொன்னாள். அதுவும் மணி மாற்றிச் சொன்னது என்று நினைத்திருந்தேன். அதுவும் அவள் சொன்னதே. பிறகு நான் அவர் மடியில் உட்கார்ந்தேன், கதறினேன், ஊசிக்கு அழுகிறது என்று சனம் சிரித்தது. அதன் பின் அவர் என்னை மிரட்டியதெல்லாம் என் காதில் தேனாக விழுந்தது. நானும் புகாரில்லாத பெண்ணாக வளர்ந்தேன்.

எங்கள் மேலாளர் மெஹர் அக்கா பையை மாட்டிக்கொண்டு வந்தவர், என் முகத்தைப் பார்த்துத் திரையைப் பார்த்தார். படித்துவிட்டார். தப்புதான், ஆனால் படித்தார். பையைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் காதுகுத்தையும் தங்கையின் தலையணையையும் சொன்னேன்.

"நான் வெளியாள்தானே, நான் வந்து சொல்லட்டுமா? நான் சொன்னா உன் தங்கச்சிக்கு அப்படியே கேக்கும்."

"வேண்டாம்க்கா. யாரோ ஒரு அம்மா வந்து ஏதோ சொன்னாங்கன்னு போயிடும். என் வாயால வரணும்."

"உன் வாயால வரணும்னா அதுக்கு ஒரு வழிதான் இருக்கு, இளவெயினி."

எனக்கும் தெரியும். உறவு விலக்கம். பதிவேட்டிலிருந்து என் பெயரை நானே அடித்துக்கொள்வது. அதன் பிறகு அவர்களுக்கு நான் வெளியாள். வெளியாள் பேச்சு வடிகட்டாமல் போகும். அவர்கள் பேச்சும் எனக்கு வடிகட்டாமல் வரும். திரும்பச் சேர வேண்டுமென்றால் பதிவேட்டில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மாமா உட்பட. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். துகிரைப் பள்ளிக்கூட வாசலில் நின்று கூட்டி வர முடியாது. வருடத்துக்கு நாலு பேர் இந்தப் படிவத்தைக் கேட்பார்கள், நான் பேசிப் பேசித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"யோசிச்சுப் போடு" என்றார் மெஹர் அக்கா.

"யோசிச்சு யோசிச்சுத்தான்க்கா முப்பத்திரண்டு வருஷம் போச்சு."

ஒரு கையெழுத்து, ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான் வேலை. பதிவின் நகல் ஒன்றை மகளிர் காவல் நிலையத்துக்கு அனுப்பினேன். வீட்டுக்குப் போய்த் தோசை சுட்டுத் தின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உடம்பெல்லாம் அசதிதான்.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்துக்கு நான் போனபோது நல்ல நேரம் முடிய அரைமணி இருந்தது. தாம்பாளங்களில் தேங்காய், வாழைப்பழம், பட்டுப்பாவாடை. நடுவில் பாயில் நிதின் மாமா புது வேட்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடிக்கு அடியில் தலையணை. பூப்போட்ட உறை. எங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பொருத்துநர் பெண் ஊசியையும் மணியையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா தங்கம், தாத்தா மடிக்கு வா" என்று அவர் தொடையைத் தட்டினார். துகிர் அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

"யாழிசை, பிள்ளைய அந்த ஆளுகிட்டக் கொடுக்காதே. எனக்கு ஆறு வயசுலேருந்து எட்டு வயசு வரைக்கும் கதவைச் சாத்திட்டு என்னைத் தப்பாத் தொட்டவன் அவன். போன்ல சொன்னது உனக்குச் சேரலை. இப்பச் சேரும்."

தங்கையின் கை தன் காதுக்குப் போனது. அவள் முகத்தில் முதலில் வந்தது அதிர்ச்சி அல்ல, குழப்பம். "அக்கா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். முப்பத்து நாலு வயதில் அவள் என் குரலை இப்போதுதான் கேட்கிறாள், பாவம். காது குத்துவதற்கு முன்னால் கேட்டது எங்கே நினைவிருக்கப் போகிறது.

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாய மூடுடி நாயே. நல்ல காரியத்துல வந்து நாறடிக்கிறியா? உன்னக் கொன்னு பொதச்சிருவேன்."

எனக்கு அது அப்படியே கேட்டது. பொருத்துநர் பெண்ணுக்கும் கேட்டது, ஊசித்தட்டை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சித்தி ஒருத்தி, "அதான் பொறுமையா பேசுறாரே, நீயும் உக்காரும்மா" என்றாள். என் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது, சரி. அவர் பேச்சு தேனாகிவிட்டதே. இரண்டையும் தராசில் வைத்தால் யார் பைத்தியம்?

அப்போது துகிர் பேசினாள்.

"அம்மா, தாத்தா பெரியம்மாவ நாய்னு திட்றாரு. கொன்னு பொதச்சிருவேங்கறாரு."

காது குத்தாத குழந்தை. அவள் பேச்சை யாருடைய மணியும் தொடவில்லை. யாழிசை மகளைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். நானும் அம்மாவைத்தான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை ஆறு மணிக்கு இதே மாதிரி ஒரு குழந்தை அவளிடம் பேசியது.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவ சொல்றது நெசந்தான். எங்கிட்ட அன்னைக்கே சொன்னா."

அம்மாவின் குரல் அவ்வளவு கரகரப்பானது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்து அம்மாவுக்கு மென்மையான குரல். இது யாரோ ஒரு கிழவியின் குரல். இதுதான் என் அம்மா.

"உங்கப்பா போயிட்டாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. ஒண்ணு கைக்குழந்தை. இவன விட்டா நாதியில்லன்னு நெனச்சேன். மணிதான் கோளாறு, பிள்ளை வேற என்னமோ சொல்லுதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு" என்றாள்.

நான் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே இயந்திரத்தின்மேல் பழி போட்டு வாழ்ந்திருக்கிறோம். அதை நினைக்கவே எனக்குக் களைப்பாக இருந்தது.

யாழிசை தலையணையை உருவினாள். மாமா பக்கவாட்டில் சாய்ந்தார். "எந்திரிச்சுப் போங்க" என்றாள். அது அவர் காதில் என்னவாக விழுந்ததோ, முதலில் அவர் நகரவில்லை. அவள் தலையணையை வாசலை நோக்கி எறிந்தாள். அது எல்லா மணியையும் தாண்டிப் புரிந்தது. அவர் எழுந்து போனார். அவரோடு பாதிச் சனமும் போனது. போகும்போது சிலர் என்னைச் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே கேட்டது. கேட்கட்டும். திங்கட்கிழமை காவல் நிலையத்தில் இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருக்கும்.

நல்ல நேரம் முடிந்துவிட்டது. பொருத்துநர் பெண் மெதுவாக, "நான் கிளம்பட்டுமாக்கா?" என்றாள்.

"எனக்குத் தோடு?" என்றாள் துகிர். ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று காத்திருந்தவள்.

யாழிசை கண்ணைத் துடைத்தாள். "தோடு மட்டும் குத்துங்க. மணி வேண்டாம்."

"மடிக்கு?"

துகிர் யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கனம்தான். எனக்கும் முட்டிவலி உண்டு.

பொருத்துநர் பெண் படிவத்தை எடுத்தாள். என்னைத் தெரிந்தும் கேட்டாள், கேட்க வேண்டியது அவள் வேலை. "மடியில் வைத்திருப்பவர், குழந்தைக்கு என்ன உறவுன்னு போடணும்க்கா."

"வெளியாள்னு போடு" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அம்மா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியது. துகிர் என் கையை நகத்தால் பிறாண்டினாள்.

"வலிக்குது பெரியம்மா!"

"வலிக்கும்டா" என்றேன். "நல்லாக் கத்து."