ஏறச் சொன்னவன்

ஆனையிறவைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும், பின்னால் லொறிப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒருமுறை தட்டினார்கள்.

பெட்டி வெறுமையாக இருந்தது. குருநகரில் ஐஸ் போட்டு ஏற்றிய மீன் முழுவதும் அன்று விடியப்புறம் கொழும்புச் சந்தையில் இறங்கிவிட்டது. அதன்பிறகு ஜெறோமே குழாயைப் பிடித்துப் பெட்டியைக் கழுவிக் கதவைப் பூட்டினான். மீன் அடுக்கும் வெற்று ரெஜிபோம் பெட்டிகளைக்கூட இந்த முறை திரும்ப ஏற்றவில்லை. போன பயணத்திலும் அதற்கு முந்திய பயணத்திலும் இதே இடத்தில் இதே சத்தம் கேட்டபோது, அவைதான் சரிந்து மோதுகின்றன என்று நினைத்திருந்தான். இன்று அப்படி நினைக்க வழியில்லை.

பிற்பகல் மூன்று மணி. வீதியின் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்து, வெயிலை அப்படியே திருப்பி அவன் கண்ணில் எறிந்துகொண்டிருந்தது. எஞ்சினின் முனகல், திறந்த கண்ணாடி வழியே வந்த உவர்க்காற்றின் இரைச்சல், டாஷ்போர்டில் கட்டியிருந்த செபமாலை கண்ணாடியில் உரசும் மெல்லிய ஒலி, இவை எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தட்டு தனியாகக் கேட்டது. உள்ளங்கையால் தகரத்தில் அடிக்கும் சத்தம். அவசரம் இல்லாதது. பழக்கப்பட்ட கை.

லொறிக்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும். பின்னால் நிற்கும் ஆள் ஒருமுறை தட்டினால், நில். இரண்டுமுறை தட்டினால், எல்லாம் ஏற்றியாயிற்று, போ. மூன்று வருடம் அவனோடு பின்னால் நின்ற பிலிப்பண்ணைதான் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர். புவியியலில் பட்டம் பெற்றவனுக்குத் தட்டுப் பாடம் எடுக்கிறேன் என்று அப்போது அவருக்கு ஒரே சிரிப்பு. இப்போது பிலிப்பண்ணை இந்த லொறியில் ஏறுவதில்லை. ஜெறோம் தனியாகத்தான் ஓடுகிறான்.

காரணம் அந்தப் பெட்டி. நாற்பத்து மூன்று நாட்களுக்கு முன், கொழும்பு ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஷெரோன் இறந்தபோது, மீன் இறக்கிய லொறியோடு அவன் வாசலில் நின்றான். சவம் ஏற்றும் வான் மறுநாள்தான் வரும் என்றார்கள். அதன் சாரதி வெற்றிலை மென்றபடி பாட்டுப் போட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம் அவளை ஓட்டி வருவதை ஜெறோம் நினைத்துப் பார்த்தான். விடமாட்டேன் என்றான். சவப்பெட்டியை லொறியின் கூலர் பெட்டிக்குள் ஏற்றிக் கட்டி, அவனே வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடைசியில் அவள் முப்பத்தெட்டுக் கிலோ இருந்தாள். லொறிக்கு அது தெரியவே இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய காலையில், லொறிச் சொந்தக்காரர் கிறகோரி பிலிப்பண்ணையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, கழுவினது போதாது. பாதரைக் கூட்டிக்கொண்டு வந்து தீர்த்தம் தெளிப்பம்,” என்றார் கிறகோரி.

“ஏன் அண்ணை?”

“ஏனெண்டால்… செத்த ஆளை ஏத்தின பெட்டி.”

“அவள் பேயோ அண்ணை?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப தெளிக்கத் தேவையில்லை. தெளிக்கிறதெண்டால் வேறை டிரைவரைப் பாருங்கோ.”

பிலிப்பண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். “படிச்சவன் எண்டால் இப்பிடித்தான். சொல்லி வேலையில்லை.”

தீர்த்தம் தெளிக்கவில்லை. தெளித்தால் அவள் போய்விடுவாள் என்பதுதான் அவனுடைய பயம். அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. பூசைக்குப் பெயர் எழுதும் தாளில்கூட அவனால் ‘ஷெரோன்’ என்று எழுத முடியவில்லை. ‘என் மனைவி’ என்று எழுதிக் கொடுத்தான். வாயால் அந்தப் பெயரைச் சொல்லி நாற்பத்து மூன்று நாளாயிற்று.

மறுபடி தட்டியது. ஒருமுறை.

“சரி,” என்றான். சிக்னல் போட்டு ஓரங்கட்டினான்.

இறங்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை மண், தண்ணீர், இடையில் கறுத்துப்போன சில பற்றைகள். மனிதர் யாரும் இல்லை. பின்னால் போய் இரும்புத் தடியைத் தூக்கிக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தான். திரும்பி வரும்போது கூலரை ஓடவிடுவதில்லை. உள்ளே வெக்கையும் பிளீச்சிங் பவுடர் மணமும்தான் இருக்கவேண்டும். ஆனால் குளிர்தான் வந்தது. பலகாலம் தண்ணீருக்கடியில் கிடந்த களிமண்ணைக் கிண்டினால் வரும் மணம், அந்தக் குளிரோடு வந்து அவன் கால்களைச் சுற்றிக்கொண்டது.

பெட்டிக்குள் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவர்கள். ஈரத் தரை.

அவனுக்குப் பயம் இருந்தது. ஆனால் அவளுக்குப் பயப்படுவதா? அந்த எண்ணமே அவனுக்குக் கோபமூட்டியது. அவளைக் கூப்பிட வாயெடுத்தான். பெயர் வரவில்லை.

“ஏறு,” என்றான். “வீட்டை கொண்டுபோய் விடுறன்.”

கதவைத் திறந்தபடியே விட்டு, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம் வெயிலில் நின்றான். காற்று விழுந்தது. தண்ணீரில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழுந்து போயின. அவன் கதவுகளைச் சாத்தித் தடியை இறக்கினான். இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், பின்னாலிருந்து கேட்டது.

இரண்டு தட்டு.

நாற்பத்து மூன்று நாளில் முதல்முறையாக அவன் சிரித்தான்.

இரண்டாவது கியர் போட்டபோது அந்தச் சிரிப்பு நின்றது. வண்டி இழுக்கவில்லை. வெற்று லொறியும் ஏற்றிய லொறியும் கைக்கும் காலுக்கும் வேறுவேறு. பிறேக் பிடித்தால் வண்டி நிற்க எடுக்கும் நேரம், குழியில் இறங்கும்போது வில்லுத் தகடுகள் போடும் சத்தம், ஸ்டியரிங்கின் பாரம், இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே அவனால் சொல்ல முடியும். இது அரை லோட். முப்பத்தெட்டுக் கிலோ இல்லை.

பளை தாண்டியது. தென்னைகளின் நிழல் வீதியில் வரிவரியாக விழுந்திருந்தது. வண்டி முப்பதுக்கு மேல் போகவில்லை. மெதுவாகப் போகப்போக இன்னும் பாரமாகியது. ஓடும் பஸ்ஸில் ஆட்கள் தொற்றி ஏறுவதைப்போல, பின்பக்கம் ஒருமுறை இடப்புறமாகச் சரிந்தது. பிறகு வலப்புறமாக.

கொடிகாமத்துக்கு முன்னால் ரயில் கடவை மூடியிருந்தது. நிற்கத்தான் வேண்டியிருந்தது.

நின்ற இடத்தில் லொறி இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு விரற்கடையாக. கொஞ்சம் இறங்கும். நிற்கும். மறுபடி இறங்கும்.

பக்கத்தில் ஸ்கூட்டியில் ஒரு பெண், காலடியில் மரக்கறிப் பையோடு நின்றிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

“தம்பி, லோட் கூடிப்போச்சு. ரயர் எல்லாம் சப்பளிஞ்சு கிடக்கு.”

“வெறும் வண்டி அக்கா.”

“எனக்கே கதை விடுறியள்?” என்று சிரித்தாள். “உள்ளுக்கை ஆக்கள் கதைக்கிறது கேக்குதே. வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறியள் போல. பொலிஸ் கண்டால் தெரியும்.”

ஜெறோமின் கை கியர் தடியில் இறுகியது. “என்ன கதைக்கினம்?”

“வடிவா விளங்கேல்லை. தமிழும் கேக்குது, சிங்களமும் கேக்குது.” தலையைச் சரித்துக் காது கொடுத்தாள். சிரிப்பு மறைந்தது. “குழந்தை ஒண்டும் அழுகுது. மீன் பெட்டிக்குள்ளை குழந்தையை வைச்சுப் பூட்டியிருக்கிறியளே? மூச்சு முட்டாதே? கதவைத் திற தம்பி!”

அவள் எட்டிப் பெட்டியின் பக்கத்தில் கையை வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ரயில் இரைந்து கடந்தது. கடவை திறந்ததும் அவன் போனான். பக்கக் கண்ணாடியில் அவள் ஸ்கூட்டியை எடுக்காமல் அதே இடத்தில் நிற்பது தெரிந்தது.

கொடிகாமம் சந்தியைத் தாண்டி ஓரமாக நிறுத்திப் பிலிப்பண்ணைக்குப் போன் எடுத்தான்.

“அண்ணை, ரெண்டுதரம் தட்டினால்?”

“போ. மூண்டுதரம் தட்டினால் நான் விழுந்திட்டன், வந்து பொறுக்கு. என்னடா, படிச்சதெல்லாம் மறந்து போச்சோ?” சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “எங்கை நிக்கிறாய்? ஆர் தட்டினது?”

“ஆனையிறவிலை தட்டிச்சுது. நிப்பாட்டிக் கதவைத் திறந்தனான். ஏறு, வீட்டை கொண்டுபோய் விடுறன் எண்டு சொன்னனான்.”

“ஆருக்குச் சொன்னனி?”

“உங்களுக்குத் தெரியும்தானே.”

“எனக்குத் தெரியும். அங்கை கிடக்கிறதுகளுக்குத் தெரியுமோ? பேர் சொன்னனியோ?”

“பேர் வரேல்லை அண்ணை.”

“எடேய்,” என்றார் பிலிப்பண்ணை. குரல் இறங்கியிருந்தது. “அந்த வெளியிலை சண்டையிலை செத்தது எத்தினை ஆயிரம் கிடக்குது. எங்கடையும் கிடக்குது, அவங்கடையும் கிடக்குது. ஒருத்தரும் வந்து தூக்கேல்லை. உன்ரை பெட்டி செத்த ஆளை வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்த பெட்டி. நீ போய்க் கதவைத் திறந்து, ஏறு எண்டு சொல்லியிருக்கிறாய்.”

“சொன்னனான்தான்.”

“இறங்கி ஓடு. வண்டியை விட்டிட்டு ஓடு.”

“நடுறோட்டிலையோ? ஏத்தினது நான் அண்ணை. இறக்கிறதும் நான்தான்.”

நீண்ட மூச்சு கேட்டது. “அப்ப கொழும்புத்துறைச் சேமக்காலைக்குக் கொண்டுபோ. ஆசீர்வதிச்ச மண். செத்ததுகளுக்கு அதுதான் வீடு. திறந்து விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வா.”

ஊரில் ஷெரோனைப் புதைத்த சேமக்காலை அது.

சாவகச்சேரி. ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலும் ஒரு தட்டு. நில். அவன் நிற்கவில்லை. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. உயரத்தில் ஒரு பெரிய கை. கீழே, தரையோடு ஒட்டி, ஒரு சின்னக் கை. நில். நில்.

“நிக்கமாட்டன்!” என்று கத்தினான். “நான் ஒராளுக்குத்தான் சொன்னனான். உங்களுக்குள்ளை அவள் இருக்கிறாளோ? இருந்தால் ரெண்டுதரம் தட்டு.”

தட்டுகள் எல்லாம் நின்றன.

நாவற்குழிப் பாலம் வந்தது. கடலேரி மேல் காற்று. அவன் காத்திருந்தான். பாலம் முடிந்தது. ஒன்றும் இல்லை. இத்தனை பேருக்குள் அவள் இல்லை. அவனுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்தான். வெள்ளைச் சுவர்களுக்குப் பின்னால் அத்தனை பேரும் மூச்சடக்கி அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொழும்புத்துறையில் வெயில் சாய்ந்திருந்தது. சேமக்காலை வாசலில் யாரும் இல்லை. கம்பிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு வந்து லொறியைப் பின்பக்கமாக எடுத்தான். பின்னாலிருந்து மெல்லத் தட்டி வழி காட்டினார்கள். வா. வா. வா. பிலிப்பண்ணை தட்டுவதைப்போலவே. பிறகு ஒன்று. நில்.

சரியாக வாசலில் நின்றது.

இறங்கிப் போய்த் தடியைத் தூக்கினான். கதவுகளை அகலத் திறந்தான். குளிர். களிமண் மணம். வெறுமை.

“இறங்குங்கோ,” என்றான். “இனி நான் கொண்டுபோக ஏலாது. இதுதான் இடம்.”

யாரும் இறங்கவில்லை. வில்லுத் தகடுகள் எழும்பவில்லை. ரயர்கள் அமுங்கியபடியே இருந்தன.

“இறங்குங்கோ!”

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் சொன்னது ‘வீட்டை கொண்டுபோய் விடுறன்’ என்று. சேமக்காலை என்று சொல்லவில்லை.

முதுகுக்குப் பின்னால் மணல் சரியும் சத்தம். ஓரிடத்தில். பிறகு இன்னோரிடத்தில். பிறகு எல்லா இடத்திலும், மழை தொடங்குவதைப்போல.

திரும்பிப் பார்க்காதே என்று பிலிப்பண்ணை சொன்னார். அவன் திரும்பிப் பார்த்தான். சிலுவைகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மண் உள்ளே இறங்கிக் குழியாகியது. மனிதர் யாரும் தெரியவில்லை. மணலில் கால்தடங்கள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. வெறுங்கால். பெரிதும் சிறிதும். எல்லாம் திறந்த கதவை நோக்கி. அவனைத் தொடாமல், இரண்டு பக்கமும் விலகி.

லொறி இறங்கியது. இன்னும் இறங்கியது.

மூன்றாவது வரிசையில், நாற்பத்திரண்டு நாளான புதுச்சிலுவை இன்னும் நிமிர்ந்து நின்றது.

ஒரு பெயர். அதைச் சொல்லாததால் வந்தது இவ்வளவும்.

“ஷெரோன்,” என்றான்.

சிலுவை சரிந்தது.

அங்கிருந்து புறப்பட்ட தடங்கள் பின்கதவுக்கு வரவில்லை. லொறியைச் சுற்றி இடப்பக்கமாக முன்னே போயின. உயிரோடிருந்தபோது நாலைந்து தடவை அவள் அவனோடு கொழும்புக்கு வந்திருக்கிறாள். இடப்பக்கக் கதவு ஒருமுறை அடித்தால் பூட்டாது. ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் திரும்பத் திறந்து அடிப்பாள்.

இடப்பக்கக் கதவு அடித்தது. திறந்தது. மறுபடி அடித்தது.

அவன் பின்கதவுகளைச் சாத்தினான். தடியை இறக்கினான். நடந்து போய்த் தன் இருக்கையில் ஏறினான். இடப்பக்கம் பார்க்கவில்லை. கடைக்கண்ணில், பக்கத்து இருக்கையிலிருந்து வெள்ளை மணல் நில்லாமல் தரைக்கு ஒழுகுவது மட்டும் தெரிந்தது. களிமண் குளிர். அவளின் மணம் இல்லை.

சாவியைத் திருப்பினான்.

பின்னால் எல்லாக் கைகளும் ஒன்றாகத் தட்டின. பெட்டி அதிர்ந்தது. இரண்டுமுறை.

“ஓம்,” என்றான் ஜெறோம். “போறன். முதல் வீடு ஆரின்ரை?”

பக்கத்து இருக்கையிலிருந்து மணல் படிந்த ஒரு விரல் நீண்டு, வீதியைக் காட்டியது.