மறு ஆட்டம் கேட்காதே...

செத்துப்போனவனின் கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய பெயர் இருந்தது.

சொந்தப் பெயர் இல்லை. போலீஸ் லெப்டினன்ட் நெரெய்டா இன்டர்நெட்டில் செஸ் ஆடும்போது வைத்துக்கொள்ளும் பெயர்... 'கொய்யாக்காரி'.

சாந்தா கிளாரா நகரத்துக்குக் கரண்ட் அப்போதுதான் திரும்பியிருந்தது. சார்ஜென்ட் எலியேசர் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த மவுஸ் ஒட்டுது, லெப்டினன்ட். இழுத்தா பாதியிலேயே விட்டுடுது. ஊர் ஃபேனையெல்லாம் ரிப்பேர் பண்ண மனுஷன், தன் மவுஸைக் கவனிச்சுக்கல."

"பேரு?"

"அபெலார்தோ. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். தனிக்கட்டை. காலையில ஃபேனை வாங்கிட்டுப் போக வந்த அம்மா பார்த்து அலறியிருக்கு. பின்மண்டையில இஸ்திரிப் பெட்டியால ஒரே அடி. ரேகை இல்லை, துடைச்சிட்டான். ஆனா ஒண்ணு புரியல..."

"என்ன?"

"பெட்டியைத் துடைச்சது சரி. மவுஸையும் துடைச்சிருக்கான். மவுஸால யாரை அடிச்சான்?"



நெரெய்டா நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த மனிதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரை. மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பு. இந்த முகத்தை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

கதவு ஆணியில் வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கியது. மடிப்புக் கலையாத இஸ்திரி.

"எங்கேயோ கிளம்பத் தயாரா இருந்திருக்கார்," என்றான் எலியேசர். "மாப்பிள்ளை மாதிரி."

"எலியேசர்... கதவைச் சாத்து."

சாத்தினான்.

"அந்தக் கொய்யாக்காரி நான்தான்."

சார்ஜென்ட் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"முகம் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல தினம் சாயங்காலம் ஆடுறோம். மூணு நிமிஷ பிளிட்ஸ்... ஆளுக்கு மூணு நிமிஷம்தான். ஒருநாள் நடுவுல கரண்ட் போச்சு... ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல. மறுநாளும் அப்படியே. அப்புறம் அவர் எழுதினார், 'நாம ஒரே கரண்ட் லைன்ல இருக்கோம் போல, பக்கத்து வீட்டுக்காரி'ன்னு. அதுலேர்ந்து அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்."

"அவ்வளவு நல்லா ஆடுவாரா?"

"என்னை ஆட வச்சார். நாலு வருஷமா ரெண்டாயிரத்து இருநூறு ரேட்டிங்லயே முட்டிக்கிட்டு நின்னேன். தோத்தா உடனே மறு ஆட்டம். அதுவும் தோத்தா ஆத்திரத்துல இன்னொண்ணு. சூதாடுறவன் மாதிரி. இவர் ஒரே ஒரு விதி வச்சார்... 'தோத்த ஆட்டத்தை முதல்ல பாரு. எங்க தப்பு பண்ணினேன்னு எனக்குச் சொல்லு. அப்புறம் வா.' மறு ஆட்டம் கேட்டு பட்டனை அமுக்கினா ஏத்துக்கவே மாட்டார். ஒரு தடவைகூட இல்லை."

"அதனால ஏறினீங்களா?"

"ஏறினேன். ரெண்டாயிரத்து நானூறைத் தொட்டா பார்க்ல நேர்ல காபின்னு பேச்சு."

எலியேசர் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். நல்ல பையன். பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"நேத்து தொட்டேன்," என்றாள் நெரெய்டா.



"ஆட்டத்துக்கு நடுவுல திடீர்னு நின்னுட்டார். அவர் கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்தது. வாசல்ல யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன். நேரம் முடிஞ்சு நான் ஜெயிச்சேன். ரேட்டிங் நானூறைத் தாண்டிச்சு. சமையல்கட்டுல குதிச்சேன், எலியேசர். இந்த வயசுல குதிச்சேன். அந்த நிமிஷம் இவர் இங்க தரையில..."

"லெப்டினன்ட், தண்ணி குடிங்க."

"சந்தோஷத்துல பழைய புத்தி வந்துடுச்சு. மறு ஆட்டம் பட்டனை அமுக்கினேன்... ஏத்துக்கிட்டாங்க."

எலியேசர் நிமிர்ந்தான்.

"ஒரு தடவைகூட ஏத்துக்கமாட்டார்னீங்களே?"

"ஏத்துக்கிட்டு என்னை அடிச்சு நொறுக்கினாங்க. ஒரு வார்த்தை எழுதல. ரேட்டிங் மறுபடி நானூறுக்குக் கீழ போச்சு. உடனே கரண்ட்டும் போச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த மனுஷனுக்கு என்னை நேர்ல பார்க்க இஷ்டமில்லை, காபியைத் தட்டிக் கழிக்கத்தான் தோக்கடிச்சுட்டார்னு. பொழுது விடியற வரைக்கும் அழுதேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வச்சிருக்கார்..."

அழுதாள். போலீஸ் உடுப்பு அதற்கு ஒன்றும் தடை சொல்லவில்லை.

"அப்ப ரெண்டாவது ஆட்டம் ஆடினது..."

"கொன்னவன்."

"கொலை பண்ணிட்டு பக்கத்துல உட்கார்ந்து செஸ்ஸா? அப்படி எவன் இருப்பான்?"

"மறு ஆட்டம்னு வந்தா கை தானா போற ஆளு. அந்த ஆட்டத்தை நேத்தே உட்கார்ந்து பார்த்திருக்கணும். அழுதுக்கிட்டே இருந்துட்டேன். இப்ப பார்க்கிறேன்... இந்தக் கை எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் கேஸ் லாரி எப்ப வந்துச்சு?"

"வரவே இல்லையே. எங்கம்மா காலி சிலிண்டரை வச்சுக்கிட்டு வாயில வந்தபடி திட்டிட்டு இருந்தா. ஏன்?"

"என் புருஷன் கேஸ் க்யூவுல நின்னதாச் சொன்னான்."



"இந்தக் கேஸை நீங்க விசாரிக்கக் கூடாது, லெப்டினன்ட்," என்றான் எலியேசர், தரையைப் பார்த்தபடி.

"விசாரிக்கப் போறதில்லை. அவனுக்குச் சோறு போடப் போறேன். நீ என் வீட்டுக் கொல்லைப்பக்கம் ஜன்னலோரமா நில்லு."

அவள் புருஷன் ஃபெர்மின் ஒரு காலத்தில் மாகாண செஸ் சாம்பியன். பேப்பரில் போட்டோ வந்தவன். மனைவியின் ரேட்டிங் தன்னைத் தாண்டிய நாளிலிருந்து அவளோடு ஆடுவதை நிறுத்திவிட்டான். அவளோடு பேசுவதையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டான்.

வீட்டில் அவனுக்குக் கறுப்பு பீன்ஸும் சோறும் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன சாம்பியன், மூஞ்சி தொங்குது?" என்று சீண்டினான் ஃபெர்மின்.

"ஒரு கொலை. ரெண்டு தெரு தள்ளி. ஃபேன் ரிப்பேர் பண்றவர்."

"அடப்பாவமே." சோற்றைக் கிளறினான். "திருட்டா?"

"தெரியல. அதை விடு. நேத்து ஒரு மட்டமான ஆளுகிட்ட தோத்துட்டேன். அதுதான் மனசை அரிக்குது."

ஸ்பூன் நின்றது.

"மட்டமான ஆளுகிட்ட நீ எப்படித் தோப்பே?"

"அதிர்ஷ்டம்தான். குதிரையைப் பலி கொடுத்தான். யோசிச்சுக் கொடுத்த மாதிரி தெரியல. குருட்டாம்போக்குல விழுந்தது."

"பலி கொடுத்து ஜெயிச்சவன் குருட்டாம்போக்குல ஜெயிச்சானா? நல்லா இருக்கு உன் நியாயம்."

"பின்னே என்ன? கடைசியில ஒரே மூவ்ல செக்மேட் இருந்தது, ஃபெர்மின். நேத்து செஸ் கத்துக்கிட்டவனுக்குக்கூடத் தெரியும். இவன் ராணியைத் தூக்கிட்டுப் போய் ஒரு கட்டம் முன்னாடியே வச்சுட்டான். பார்க்கவே பாவமா இருந்தது. ஒரு காலத்துல நல்லா ஆடியிருப்பான் போல. இப்ப கண்ணும் போச்சு, மூளையும் போச்சு."

செஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கொலைகாரன் என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வார்கள். ஒரு மூவ் மேட்டைக் கோட்டை விட்டாய் என்று சொல்லிப் பாருங்கள்...

"தெரியாம இல்ல!" ஃபெர்மின் மேஜையைக் குத்தினான். "எனக்கு மேட் தெரியாதா? அந்த மவுஸ் ஒட்டுது. இழுத்தா பாதியிலேயே விட்டுடுது!"

பீன்ஸ் கிண்ணம் மட்டும் ஆடி நின்றது.

"எந்த மவுஸ், ஃபெர்மின்?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு தோற்றுப்போன ஆட்டக்காரன் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தான்.

"பேசத்தான் போனேன்," என்றான்.

"வீடு எப்படித் தெரிஞ்சது?"

"ஒரே லைன்ல செஸ் பைத்தியம் எத்தனை பேர் இருக்கான்? ரிப்பேருக்கு ஃபேனைக் கொண்டுபோற மாதிரி ஏற்கெனவே போய்ப் பார்த்துட்டு வந்தேன். நேத்து நீ நானூறைத் தொடப்போறேன்னு தெரியும். உன் போன்ல படிச்சேன். கதவு திறந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கல அவன். சட்டையை மாட்டி வச்சுட்டு உன்னோட ஆடிக்கிட்டிருந்தான். சிரிச்சுக்கிட்டே. இங்க சமையல்கட்டுல நீயும் அப்படித்தான் சிரிப்பே... போனைப் பார்த்து. என்னைப் பார்த்து எப்ப சிரிச்சே, நெரெய்டா?"

 அந்த ஒரு கேள்வி நியாயமானது. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

"அடிச்சுட்டு ஓடத்தான் இருந்தேன். திரையில உன் பேர் வந்தது. மறு ஆட்டம் கேட்டு. என்கிட்ட நீ ஒரு ஆட்டம் கேட்டு எத்தனை நாளாச்சு..."

"உன்கிட்ட கேக்கல. அவர்கிட்ட கேட்டேன்."

"தெரியும்." கண் கலங்கியிருந்தது. "ஆனாலும் ஜெயிச்சேன் இல்ல?"

எலியேசர் கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். விலங்கு மாட்டினான். ஃபெர்மின் திமிறவில்லை.

ஜீப்பைச் சுற்றித் தெருவே கூடிவிட்டது. ஃபெர்மின் ஏறுவதற்கு முன் திரும்பினான். இருபது வருஷம் கூட வாழ்ந்த முகம். அவளுக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு பேருக்காகவும் வலித்தது.

"நெரெய்டா... நமக்குள்ள இன்னொரு தடவை... முதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியாதா? ஒரே ஒரு ஆட்டம்?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தோத்த ஆட்டத்தை முதல்ல உட்கார்ந்து பாரு, ஃபெர்மின். இது மூணு நிமிஷ பிளிட்ஸ் இல்லை... உனக்கு முப்பது வருஷம் தருவாங்க."