ஒரு சாண் குறைந்த பீப்பாய்

1974, மே மாதம். மரக்காணம் உப்பளத் தரக்குழுவின் செயலாளர் இருதயநாதன், துப்பறியும் தெய்வசிகாமணியின் அறைக்குள் நுழைந்ததுமே புலம்பத் தொடங்கினார்.

"மெட்ராஸ் கம்பெனி ஒரு திரவம் குடுத்திருக்குதுங்க. அதுல கழுவுனா உப்பு வெள்ளை வெளேர்னு வருது. அதையே எல்லாருக்கும் பொதுத் தரமா வைக்கச் சொல்றாங்க. ஆனா அதுல என்ன கலந்திருக்குதுன்னு சொல்ல மாட்டாங்களாம், ரகசியமாம். இப்ப பாப்பாத்தின்னு ஒரு பொம்பள, திரவம் வாங்காமயே அதே வெள்ளையில உப்பு கொண்டாந்துட்டா. கம்பெனி பீப்பாயிலேர்ந்து திருடிட்டான்னு மேனேஜர் தட்சணாமூர்த்தி சொல்றார். இன்னிக்கு மீட்டிங்ல அப்படியே முடிவாயிட்டா, அவ குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்தி போயிடும்."

உதவியாளர் சுலோசனா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

குழு அலுவலக முற்றத்தில், நல்ல வெயிலில், கம்பெனியின் பீப்பாய் நாற்பது நாளாகத் திறந்தே கிடந்தது. ஒரு சாண் குறைந்திருந்தது. தெய்வசிகாமணி ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார், அடியில் நறநறவென்றது. கம்பெனியின் சோதனை அறிக்கையையும் வாங்கிப் படித்தார். அழுக்கு உப்பு ஐம்பது கிலோ. கழுவிக் காய்ந்தபின் நாற்பத்தொன்பதரை.

பாப்பாத்தி குழுவின் முன் மரத்துப்போய் நின்றாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்.

"உப்புத் தண்ணியிலதான் கழுவுனேன்."

குழுவினர் சிரித்தார்கள். உப்பை விற்றுத்தான் அவர்களுக்குப் பழக்கம். ஒரு கூடைகூடக் கழுவியதில்லை. அந்தச் சிரிப்பு சுலோசனாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"சுலோசனா, அம்பது கிலோ உப்பக் கெணத்துத் தண்ணியில கழுவுனா என்ன ஆவும்?" என்றார் தெய்வசிகாமணி.

"அஞ்சாறு கிலோ கரைஞ்சே போயிடும் சார்."

"இந்த அறிக்கைப்படி அரைக் கிலோதான் போயிருக்குது. அதுவும் அழுக்கு. ஏன்னா, இந்தத் திரவத்துல இனிமே உப்பு கரைய எடமே இல்ல. இது நம்ம பாத்தியில வெயில்ல வத்தி முத்துன உப்புத் தண்ணி."

"அப்ப கொறைஞ்ச ஒரு சாண்?" இருதயநாதன் கேட்டார்.

"மொண்டிருந்தா உப்பும் சேர்ந்து போயிருக்கும். தண்ணி மட்டும் போயி, உப்பு அடியில ரெண்டு விரல் கனத்துக்கு நிக்குது. எடுத்தது வெயிலுங்க."

தட்சணாமூர்த்தி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இது கம்பெனி ரகசியம்" என்று சோதனை அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கம்பெனியின் கோரிக்கையைக் குழு தள்ளியது. உப்புத் தண்ணீரில் கழுவும் முறையையே பொதுத் தரமாக எழுத முடிவாயிற்று. இருதயநாதன் பேனாவைத் திறந்தார்.

"பாப்பாத்தி, இதுக்கு உன் பேரையே போட்டுடலாமா?"

"பேரு எதுக்குங்க? நாளைக்கு நான் பாத்தியில எறங்கலாமா?"

"எறங்கும்மா. அது உன்னுதுதான்."

அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.