பள்ளிச் சுவரை ஒட்டிய வீடு

காலை பதினொரு மணி. விளையாட்டு பீரியட் முடிந்து வந்த தாகத்தில் மடமடவென்று தண்ணீர் குடித்த இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் ஐந்து பேர் அடுத்தடுத்து வாந்தி எடுத்தார்கள். பள்ளியின் குடிதண்ணீர்த் தொட்டியில் யாரோ பினாயிலை ஊற்றியிருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டர் வனஜாவுக்கு மூச்சே வந்தது.

"பம்பு பார்க்கிற கோவிந்தப்பாதான் மேடம்," என்றார் பிரின்சிபால் பிரபா. "தொட்டி மூடியத் தொடறது அவர் ஒருத்தர்தான்."

கோவிந்தப்பா வராந்தாவில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் அவரைத்தான் உள்ளே வைக்க வேண்டும். மேலிடம் அப்படிச் சொல்லிவிட்டது.

தொட்டி காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வாடகை வீடுகள். மாடிப்படியில் நின்று கையை நீட்டினால் மூடி எட்டும்.

"அங்க யார் இருக்காங்க?"

"எல்லாம் நம்ம பேரண்ட்ஸ்தான். ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தாத்தான் இங்க சீட்டு. ரிசல்ட் நல்லா வந்தாப் போதும், ஓனருங்க உடனே வாடகைய ஏத்திடுவாங்க." பிரபாவின் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வனஜாவுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வைட்ஃபீல்ட் ஏரியா வாடகைக்குப் பயந்துதான் அவளே ஊருக்கு வெளியே, தொலைவில் ஆனேக்கலில் போய்க் கிடக்கிறாள்.

வகுப்பறையில் குழந்தைகளின் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பை கனக்கக் கூடாது என்று காலி பாட்டிலைத்தான் கொடுத்தனுப்ப வேண்டும், இங்கேயே நிரப்பிக்கொள்ளலாம் என்பது பள்ளியின் வழக்கம். வனஜா ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள். எல்லாவற்றிலும் பினாயில் நாற்றம் குப்பென்று அடித்தது. முயல் படம் போட்ட ஒன்றில் மட்டும் நாற்றமே இல்லை. அதில் பாதித் தண்ணீர் இருந்தது.

"அது வைஷ்ணவியோடது. நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் பிரபா.

வைஷ்ணவியின் வீடு சுவருக்கு அந்தப் பக்கம்தான். கதவைத் திறந்த அவள் அம்மா லாவண்யா, காக்கிச் சட்டையைக் கண்டதும் வெளுத்துப் போனாள்.

"உங்க பாப்பா இன்னைக்கு ஸ்கூல் தண்ணி குடிக்கல," என்றாள் வனஜா.

"அவ எப்பவுமே கொஞ்சமாத்தான் குடிப்பா மேடம்."

"பாதி பாட்டில் குடிச்சிருக்கா. ஸ்கூல்ல பிடிச்சிருந்தா அதுலயும் நாத்தம் அடிக்கணும். தினமும் காலியா அனுப்பறவங்க இன்னைக்கு மட்டும் ஏன் நிரப்பிக் குடுத்தீங்க? அந்தத் தண்ணி கெட்டுருக்குன்னு உங்களுக்கு மட்டும் காலையிலயே எப்படித் தெரிஞ்சுது?"

பிரபா அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிய பாட்டில்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. லாவண்யா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"ஓனர் மறுபடியும் ஏத்திட்டாரு மேடம். கட்டலன்னா காலி பண்ணுங்கிறாரு. தூரமாப் போனா பாப்பாவோட சீட்டு போயிடும். ஸ்கூல் பேரு கொஞ்சம் கெட்டா வாடகை இறங்கும்னு நெனச்சேன். அந்த நாத்தத்துக்கு எந்தக் குழந்தையும் வாயில வைக்காதுன்னுதான்..."

வனஜாவுக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது. கூடவே அழுகையும் வந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. கோவிந்தப்பாவை விட்டுவிடச் சொல்லி, பள்ளியில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளுக்குப் போன் செய்தாள். பிறகு லாவண்யாவைக் கிளம்பச் சொன்னாள்.

அவள் செருப்பை மாட்டினாள். ஜாமீனைப் பற்றியோ வக்கீலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறப்போகும்போது மட்டும் நின்று திரும்பினாள்.

"நான் உள்ள போனாலும் பாப்பா அங்கயே படிக்கலாம் இல்லையா மேடம்?"

அந்தச் சீட்டு இனி இல்லை என்று வனஜாவுக்குத் தெரியும். அவள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.