சாய்ந்து தெரிந்த வீடு

"ஐயோ... பாத்துங்க! படி கீழ இறங்குது!"

அவள் கத்தி முடிப்பதற்குள் அவன் இறங்கியே விட்டான். இறங்கினான் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மழையோடு மழையாக, எல்லாப் படிகளையும் ஒரே சறுக்கில் முடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக் கடையின் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

"கடைன்னா ஏறி வரணும்... இது என்னங்க, கிணத்துல இறங்குற மாதிரி?"

"கடை அதே இடத்துலதான் இருக்கு. ரோடுதான் வருஷா வருஷம் வளருது."

அவள் சொன்னது உண்மை. தார் மேல் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே போனது. வீடுகள் பள்ளத்தில் நின்றன. சென்ற மழைக்காலத்தில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அவள் ஆசையாக அடுக்கி வைத்திருந்த கண்ணாடிச் சட்டங்களெல்லாம் மீன் குஞ்சுகள் மாதிரி மிதந்து போயின.

அவள் நீட்டிய துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் சொன்னான்.

"ஒரு கண்ணாடி வேணும். இருந்த கண்ணாடி மேல ஒரு வீடு உக்காந்துருச்சு."

"வீடா?"

"வீடு தூக்குறதுதான் என் தொழில். பள்ளத்துல இருக்குற வீட்டுக்கு அடியில ஜாக்கி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா திருகி, அப்படியே முழுசா மேல ஏத்திடுவோம். அடியில குனிஞ்சப்போ கண்ணாடி விழுந்துருச்சு. அதுக்கப்புறம்..." உள்ளங்கையைத் திறந்து காட்டினான். தட்டையாகிப்போன சட்டம், வெயிலில் காய்ந்த வெட்டுக்கிளிபோல் கிடந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். ஆட்கள் அவனை ஜாக்கி என்றே கூப்பிடுவார்களாம். "அம்மா அப்பா வச்ச பேர் ஒண்ணு இருக்கு. யாரும் கூப்பிடாம துருப்பிடிச்சுப் போச்சு."

நாற்காலியில் உட்கார வைத்து விளக்கை அணைத்தாள். கண்கள் அவளுக்கு வேலை. அந்தத் தெருவில் அவள் எட்டிப் பார்க்காத கண் கிடையாது. தாசில்தார் கண்ணையும் பார்த்திருக்கிறாள், தக்காளி விற்பவர் கண்ணையும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. அன்றைக்கென்று... சின்ன விளக்கோடு அவள் குனிந்தபோது, அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

"சிமிட்டாதீங்க."

"நீங்க சிமிட்டுறீங்களே..."

"நான் டெஸ்ட் பண்றவ. எனக்கு உரிமை உண்டு. பலகையில எழுத்தைப் பாருங்க. இது தெளிவா... இல்ல, இதுவா?"

"இது."

"இப்போ?"

"இதுவும்தான்."

"ரெண்டுமா எப்படிங்க தெளிவா இருக்கும்?"

"இருக்குதே... நான் என்ன பண்ண?"

அவன் முகத்தில் மாட்டியிருந்த டெஸ்ட் ஃபிரேமின் வில்லையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அவன் கண்ணுக்குத் தேவை ஒருவகை வில்லை. அதைச் சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நேரான கம்பம் சாய்ந்து தெரியும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த பாடம். ஆனால் அன்று அவள் விரலில் இருந்தது வில்லை. நினைவில் இருந்தது அந்த மழைத்துளி.

மழை விட்டதும் அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். "இந்த வீட்டையும் தூக்கிடலாமே..."

கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படியில் நின்ற அவள் அப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டிய மனிதர். லீவு நாளெல்லாம், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கொத்தனாரின் உயிரை வாங்கிக் கட்டிய வீடு இது. வெளியூரில் இருக்கும் அண்ணன், "அது இனிமே வீடு இல்லப்பா, தொட்டி. அடுத்த மழைக்கு முன்னாடி வித்துட்டு என்கூட வந்துடுங்க" என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். விற்றால் அவள் கடையும் போகும். அப்பா யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னார். "கண்ணாடி வாங்க வரும்போது அந்தத் தம்பிய வீட்டப் பாத்துட்டுப் போகச் சொல்லும்மா."

அவளுக்கு இரட்டைச் சந்தோஷம். ஒன்றை மட்டும் அப்பாவிடம் காட்டினாள்.

அவன் வந்தான். அவளே கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"ஒரு மாதிரியா இருக்கே..."

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்." எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை. வாயில் தானாக வந்துவிட்டது.

வெளியே அப்பா காத்திருந்தார். அவன் ரோட்டில் நின்று, இடுப்பில் கை வைத்து, வீட்டை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயா, தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். வீடு இடது பக்கம் சாஞ்சிருக்கு."

"என்னது?"

"கருவியெல்லாம் அப்புறம் வைக்கலாம். என் கண்ணுதாங்க ரசமட்டம். இதுவரைக்கும் தப்பினதில்ல."

அப்பா உள்ளே போனார். தூக்குக்குண்டோடு மாடியில் வந்து நின்றார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நூலை விட்டார். நூலும் சுவரும் மேலிருந்து கீழ் வரை மயிரிழைகூட விலகாமல் நின்றன. வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பாத்தாச்சா? கண்ணு தெரியாதவன் கையில என் வீட்டக் குடுக்க மாட்டேன். போயிட்டு வாங்க தம்பி."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். மறுபடி பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. திரும்பி நடந்தான்.

வாசலில் நின்ற அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நூல் நேராக இருக்கிறது. சுவர் நேராக இருக்கிறது. அப்படியானால் கோணல் எது? அவன் மூக்கின் மேல், அவள் கையால் மாட்டிவிட்டது... 'சொல்லுடி' என்றது மனசு. ஆனால் 'அந்தப் பொண்ணு கை வச்சா தப்பாது' என்று புகழ்கிற தெரு மொத்தமும் எதிரில் நின்றது. ஏன் தப்பியது என்று யாராவது கேட்டால்? வாயை மூடிக்கொண்டாள்.

மேகங்கள் திரள ஆரம்பித்தன. வீட்டை வாங்க அண்ணன் ஓர் ஆளைப் பிடித்து விலையும் பேசிவிட்டான்.

அப்போதுதான் ஜாக்கியின் ஆட்களில் மூத்தவர் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று கடைக்கு வந்தார்.

"எங்க ஆளு தொழில விடப் போறாரும்மா."

"ஏன்?"

"எதப் பாத்தாலும் சாஞ்சு தெரியுதாம். கண்ணு போச்சுங்கறாரு. 'கண்ணாடிய மாத்திப் பாருங்க தம்பி'ன்னேன். எம்மேல எரிஞ்சு விழுந்தாரு. 'அது அவங்க போட்ட கண்ணாடிய்யா, தப்பா இருக்காது'ங்கறாரு."

அவள் கையிலிருந்ததை அப்படியே போட்டாள். மாடிக்கு ஓடினாள்.

"அப்பா... வீடு சாயல. அவர் கண்ணும் கெடல. நான் போட்ட கண்ணாடிதான் கோணல்."

"நீயா? நீ தப்பு பண்ண மாட்டியேம்மா. எப்படி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாடி, நான் பஸ் ஓட்டினவன். கண்ணாடியில மூஞ்சியப் பாத்தே யார் எங்க இறங்குவாங்கன்னு சொல்லிடுவேன். போ... போய்ச் சொல்லிட்டு வா."

"என்னன்னுப்பா?"

"கண்ணாடி தப்புன்னு சொல்லு. மத்தது உன் இஷ்டம்."

இரண்டு தெரு தள்ளி, ஒரு வீடு வரிசையாக நின்ற ஜாக்கிகளின் மேல் அந்தரத்தில் இருந்தது. ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஓர் ஆள், கையில் இரும்புக் கம்பி. விசில் கேட்டால் எல்லோரும் ஒன்றாகத் திருக வேண்டும். ஒருவன் முந்தினாலும் சுவர் விரிந்துவிடும். அந்த விசில் இப்போது வேறொருவன் கழுத்தில் தொங்கியது. ஜாக்கி செங்கல் குவியல்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அவள் விறுவிறுவென்று போய், அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த டெஸ்ட் ஃபிரேமை எடுத்து அவன் முகத்தில் மாட்டினாள்.

"என்னங்க இது, நடு ரோட்டுல..."

"பேசாதீங்க. அந்தத் தூணப் பாருங்க." வில்லையை மெல்லத் திருப்பினாள். "இப்போ?"

"சாஞ்சிருக்கு."

"இப்போ?"

"கொஞ்சம்... இருங்க, இருங்க! நின்னுருச்சு! நேரா நின்னுருச்சுங்க!"

"உங்க கண்ணு தங்கமான கண்ணு. கோணத்தத் தப்பா வச்சது நான். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவன் அப்படியே அவளைப் பார்த்தான். "உங்க கண்ணாடி தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"தோணணும்! தொழிலையே விடுற அளவுக்கா ஒருத்தர நம்புவாங்க?" கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏன் தப்பாச்சு?"

"கை... நடுங்குச்சு."

"குளிரா?"

"குளிரும் இல்ல, காய்ச்சலும் இல்ல."

அவன் தொண்டையைச் செருமினான். "அப்போ நானும் ஒண்ணு சொல்லிடுறேன். 'இதுவா, அதுவா'ன்னு கேட்டீங்கல்ல... நான் எழுத்தப் பாக்கவே இல்ல. வாய்க்கு வந்தத சொன்னேன்."

"அடப்பாவி... பின்ன எதப் பாத்தீங்க?"

"என் பக்கத்துல ஒருத்தங்க நின்னாங்க. அவங்கள விட்டுட்டு எழுத்த எவன் பாப்பான்?"

அவள் முகம் சிவந்தது. இத்தனை நாள் தன் கையை மட்டுமே திட்டித் தீர்த்தாளே!

வீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "அண்ணே, கம்பியப் புடிச்சே கை மரத்துப்போச்சு. திருகலாமா, வேணாமா?"

"இருங்கய்யா, பேசிட்டிருக்கோம்!" அவன் அவள் பக்கம் திரும்பினான். "உங்க வீட்டத் தூக்க அப்பா விடுவாரா?"

"விடுவார். கையில தூக்குக்குண்டோட நின்னுதான் விடுவார்."

"நிக்கட்டும். நானும் இனிமே கருவி வச்சுத்தான் பேசுவேன். மழைக்கு முன்னாடி ஏத்திடலாம்." கொஞ்சம் தயங்கினான். "ஏத்தி முடிச்ச பிறகும்... நான் அங்க வரலாமா?"

"எதுக்கு?"

"சும்மா... வீடு எப்படி இருக்குன்னு பாக்க."

"வீட்டப் பாக்கறதுன்னா வரவேணாம்."

அவன் முகம் தொங்கியது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள்... இந்த முறை விளக்கும் இல்லை, வில்லையும் இல்லை.

"என்னப் பாக்க வாங்க. உங்களப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. பிடிச்சிருக்கு... போதுமா?"

அவன் எழுந்தான். விசில்காரனின் கழுத்திலிருந்து அதைக் கழற்றி வாயில் வைத்தான். ஊத மூச்சு வரவில்லை.

"ஊதுங்க," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "ஒரு வீடே அந்தரத்துல நிக்குது..."